மட்டக்களப்பிலிருந்து ஒரு நாள்: அறுகம்பையை விடுங்கள், படுவான்கரையால் போங்கள்

தம்பி, உங்கள் கேள்வி இதுதான்: 150 சிசி மோட்டார் சைக்கிள் இரண்டு, ஆட்கள் மூன்று பேர், கையில் இருப்பது ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை. விடியப் புறப்பட்டு இருட்டுவதற்குள் கல்லடிக்குத் திரும்பிவிட வேண்டும். கேட்ட இடமெல்லாம் அறுகம்பைக்குப் போகச் சொல்கிறார்கள். அது சரிதானா, வேறு நல்ல வீதி உண்டா?

அறுகம்பை நல்ல இடம்தான். ஒரு நாள் ஓட்டத்துக்கு ஏற்ற இடமில்லை, அவ்வளவுதான். அதற்கு முன்னால் வரும் பொத்துவிலே இங்கிருந்து 100 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். போன வீதியாலேயே திரும்பவும் வேண்டும். அந்த ஏ4 வீதியில் அக்கரைப்பற்று வரைக்கும் ஊர் ஓய்ந்து வெளி வருவதே அரிது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று ஓர் ஊரின் கடைசிக் கடைக்கும் அடுத்த ஊரின் முதல் கடைக்கும் நடுவே மூச்சுவிட இடமிருக்காது. பாடசாலை, பள்ளிவாசல், கோவில், சந்தை, கையைக் காட்டாமலே திரும்பும் முச்சக்கரவண்டி. திருக்கோவில், கோமாரிப் பக்கம் வெளி கிடைக்கும்போது முதுகு நோகத் தொடங்கியிருக்கும். கடலில் ஒரு மணித்தியாலம் காலை நனைத்துவிட்டு அதே கூட்டத்துக்குள் திரும்ப வேண்டும், அதுவும் மாலை நேரத்தில்.

நான் உழவு இயந்திர உதிரிப்பாகம் விற்கிறவன். இருபது வருடமாக மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்து வயல் வீதிகளிலும் மோட்டார் சைக்கிளில்தான் அலைகிறேன். என் யோசனை இது: வாவியைக் கடந்து அதன் மேற்குக் கரையான படுவான்கரையால் தெற்கே இறங்குங்கள், மத்திய முகாம் என்கிற ஊர் வழியாக அம்பாறைக்கு ஏறுங்கள், இங்கினியாகலையில் குளத்தைப் பாருங்கள், சம்மாந்துறை, காரைதீவு வழியாகக் கரையோரத்தால் வீட்டுக்கு வாருங்கள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 190 கிலோமீற்றர். கல்லடிக்கும் ஆரையம்பதிக்கும் நடுவிலும், அம்பாறைக்கும் இங்கினியாகலைக்கும் நடுவிலும் உள்ள துண்டுகளைத் தவிர எந்த வீதியையும் இரண்டு தரம் பார்க்கமாட்டீர்கள்.

இந்தச் சுற்றை இந்தத் திசையில்தான் போக வேண்டும் என்பதற்குக் காரணம் சூரியன். வாவியின் கிழக்குக் கரைக்கு எழுவான்கரை, மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்று நம் முன்னோர் பெயர் வைத்தது பொழுது எழுவதையும் படுவதையும் வைத்துத்தான். காலையில் படுவான்கரைக்குப் போகிறவனுக்கு வெயில் முதுகில் விழும். மாலையில் அம்பாறையிலிருந்து கடலை நோக்கி இறங்குகிறவனுக்கும் முதுகில்தான். தலைகீழாகச் சுற்றினால் காலையில் காரைதீவு வரைக்கும் இடப்பக்கக் கண்ணாடிக்குப் பதிலாகக் கண்ணே வெந்துவிடும் என்பார் என் நண்பர் ஒருவர். அவர் கொஞ்சம் மிகைப்படுத்துவார். ஆனால் பொழுது சாயும் நேரத்தில் மேற்கே முகம் வைத்து, எதிரே யானையா மாடா என்று தெரியாமல் வயல் வீதியில் வருவது மிகையில்லாத ஆபத்து.

ஐந்தரைக்குப் புறப்படுங்கள். கல்லடிப் பாலத்தில் அந்த நேரம் வலை வீசுகிறவர்கள் மட்டும் நிற்பார்கள். 1924இல் கட்டிய பழைய பாலம் பக்கத்தில் கிடக்க, வண்டிகள் 2013இல் திறந்த புதிய பாலத்தால்தான் போகும். பாடும் மீனின் பாட்டைக் கேட்க அங்கே நின்று நேரத்தைக் கொட்ட வேண்டாம். அது நிலவு நாளில், இரவில், தோணியில் இருந்து துடுப்பை நீருக்குள் விட்டுக் காதை வைத்துக் கேட்க வேண்டிய பாட்டு என்பார்கள். காத்தான்குடியைக் கடந்து ஆரையம்பதி வந்ததும் வலப்பக்கம் திரும்பினால் மண்முனைப் பாலம். 2014இல் இது திறப்பதற்கு முன் இங்கே பாதைதான் ஓடியது.

வெளியூர்க்காரருக்கு இந்த இடத்தில் ஒரு சொல்லை விளக்க வேண்டும். எங்கள் பக்கம் பாதை என்றால் நடக்கிற பாதை இல்லை. ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்குப் பெயர் பாதை. "பாதை போய்விட்டது, அடுத்த பாதைக்கு நில்லுங்கள்" என்று ஒருவர் சொன்னால் குழம்பாதீர்கள்.

மண்முனைப் பாலத்தில் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தி இரண்டு பக்கமும் ஒரு தரம் பாருங்கள். இந்த வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீற்றர் நீளம். இறங்கினால் கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோவிலில் கல் நந்தி உண்டு. கோவிலை இடிக்க வந்த பறங்கித் தளபதிக்கு முன்னால் அந்தக் கல் நந்தி எழுந்து புல் தின்றது என்பது இந்த ஊரின் நம்பிக்கை; சின்னப் பிள்ளையும் சொல்லும். பக்கத்தில் மகிழடித்தீவு. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் இந்த ஊர்களில் நடந்த படுகொலைகளில் ஆட்களை இழக்காத குடும்பம் குறைவு. படம் எடுக்கும் அவசரத்தில் வீட்டு வாசல்களில் வண்டியை உறுமவிடாதீர்கள்.

கொக்கட்டிச்சோலையில் காலைச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பிட்டோ இடியப்பமோ, எது சூடாக இருக்கிறதோ அது. அதற்குப் பிறகு வெல்லாவெளி வரைக்கும் நீங்கள் வந்ததன் பலன் கிடைக்கும். இரண்டு பக்கமும் வட்டை. வயல்வெளியைத்தான் வட்டை என்கிறோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் வேளாண்மை, நடுவே மருத மரம், அங்கங்கே காவல் பரண், வரம்பில் கொக்கு. தை கடைசியில் கதிர் பழுக்கத் தொடங்கும், மாசியில் வெட்டு. வெட்டு முடிந்த வட்டையில் எருமை இறங்கிவிடும். மாசி, பங்குனி, சித்திரை ஆகிய மூன்று மாதமும் இந்த ஓட்டத்துக்கு நல்லவை. சிறுபோகத்திலும் வயல் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக அடிக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை இந்த வழியை நினைக்கவே வேண்டாம். வெல்லாவெளி, மண்டூர் வீதிகளின் மேலால் தண்ணீர் பாயும். தாம்போதியில், அதாவது வெள்ளம் மேலால் பாயவிட்ட தாழ்ந்த சீமெந்துத் துண்டில், முழங்கால் ஆழம் என்று நினைத்து இறங்கிய வண்டிகளை உழவு இயந்திரத்தால் கட்டி இழுத்ததை நானே பார்த்திருக்கிறேன். மழை விட்டு ஒரு மாதம் போன பிறகும் தாம்போதியின் சீமெந்தில் பாசி இருக்கும். அதன்மேல் முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

அதைவிட எனக்குப் பயம் நெல். அறுவடைக் காலத்தில் தார் வீதியில் ஒரு பாதியை மறித்து நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். சுற்றிவரக் கல்லோ மரக்கொப்போ வைத்திருப்பார்கள். ஒரு தாய் வெறுங்காலால் நெல்லை உழுதபடி நடப்பார். ஒரு நடைக்கு இரண்டு சால், திரும்பி வரும்போது அடுத்த இரண்டு. பார்க்க அவ்வளவு அழகு. மோட்டார் சைக்கிள் சில்லுக்கு அது போல்ஸ் (சின்ன இரும்புக் குண்டு) கொட்டிய தரை. நான்கு வருடத்துக்கு முன் பழுகாமத்துக்கு இப்பால் ஒரு வளைவில், எதிரே வந்த லொறிக்கு இடம் விட்ட என் நண்பர் நெல்லின் மேல் ஏறினார். பிரேக்கைத் தொட்டார். வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முழங்கை முழுக்க உமி ஒட்டிக்கொண்டு எழும்பினார். வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த முதியவர் அவரைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, காயத்தைக் கழுவி, அதற்குப் பிறகுதான் விளக்குமாற்றை எடுத்துச் சிதறிய நெல்லைக் கூட்டத் தொடங்கினார். ஒரு வார்த்தை ஏசவில்லை. நாங்களும் கூடவே குந்தியிருந்து பொறுக்கினோம். ஆகவே நெல்லைக் கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். எதிரே வண்டி வந்தால் நின்று வழிவிடுங்கள். தவறி ஏறிவிட்டால் பிரேக்கையும் கிளச்சையும் விட்டுவிட்டுக் கைப்பிடியை நேராகப் பிடியுங்கள். வண்டி தானாகவே கடந்துவிடும்.

வெல்லாவெளிக்கு எவ்வளவு தூரம் என்று வழியில் யாரைக் கேட்டாலும் "கிட்டத்தான்" என்பார்கள். நம்புங்கள், கிலோமீற்றரில் மட்டும் நம்பாதீர்கள். கைப்பேசி வரைபடத்தையும் அப்படித்தான். அதற்கு வாய்க்கால் கட்டும் ஒன்று, வீதியும் ஒன்று. தார் முடிந்து கிரவல் வந்து, கிரவலும் முடிந்து உழவு இயந்திரத் தடம் மட்டும் இருந்தால் திரும்புங்கள்.

மண்டூருக்கு விலகிப் போவதா என்று யோசித்தால், என் பதில் கட்டாயம் போங்கள். வாவிக் கரையில் முருகன் கோவில். சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே இங்கும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். மந்திரம் கேட்காது, மணியும் வாவிக் காற்றும்தான் கேட்கும். கோவிலுக்குப் பக்கத்துத் துறையில் குருமண்வெளிக்குப் போகும் பாதையைப் பார்க்கலாம். ஏறுவதென்றால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தள்ளி ஏற்றுங்கள், நடுநிலையில் விடாமல் கியரில் நிறுத்துங்கள். வண்டியை விட்டு அப்பால் போகாதீர்கள். பாதை கரையைத் தொடும்போது ஒரு குலுக்குக் குலுக்கும். பக்கத் தாங்கியை மட்டும் நம்பிய வண்டிகள் அந்த நேரத்தில்தான் சரியும். உங்களுக்கு அன்று பாதை தேவைப்படாது. ஆனால் வானம் கறுத்தாலோ, ஆளில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றாலோ, மண்டூரில் பாதை ஏறியோ பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிக்குடிக்குக் கடந்தோ பகலுக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். அந்த அரைச் சுற்றும் நல்ல சுற்றுத்தான்.

யானையைப் பற்றிக் கேட்கவில்லை நீங்கள். கேட்டிருக்க வேண்டும். வெல்லாவெளியும் மண்டூரும் அடங்கிய போரதீவுப்பற்றுப் பிரிவில் மேற்கு ஓரத்து ஊர்கள் எல்லாம் யானையோடு மல்லுக்கட்டுகிறவை. பரண் பார்த்தீர்களே, அது பன்றிக்கு மட்டும் கட்டியது என்று நினைக்காதீர்கள். வீதியில் ஈரம் காயாத இலண்டம் (யானைச் சாணம்), புதிதாக முறிந்த கொப்பு, வாழையைப் பிடுங்கிப் போட்ட வேலி, இவற்றைக் கண்டால் வேகத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். யானையே நின்றால் தூரத்தில் நில்லுங்கள், இயந்திரத்தை நிறுத்தாதீர்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், வண்டியை மெல்லத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருங்கள். எதிர்ப்பக்கம் ஊர்க்காரர் காத்து நின்றால் நீங்களும் காத்து நில்லுங்கள். அவர் போனால்தான் நீங்கள் போகலாம். காலை ஏழுக்குப் பிறகும் மாலை ஐந்துக்கு முன்பும் இந்தத் துண்டுகளை முடித்துவிட்டால் பெரும்பாலும் இலண்டத்தை மட்டும்தான் காண்பீர்கள்.

மண்டூரிலிருந்து மத்திய முகாம் நோக்கிப் போகும்போது ஊர்ப் பெயர்கள் மாறுவதைக் கவனியுங்கள். அதுவரை சோலை, தீவு, வெளி, துறை. திடீரென்று பதினோராம் கொலனி, பன்னிரண்டாம் கொலனி. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியபோது காட்டை வெட்டி, வாய்க்கால் இழுத்து, குடியேற்றங்களுக்கு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எண்களே ஊர்ப் பெயராக நின்றுவிட்டன. கல்லோயா என்கிற அந்த ஆற்றைத்தான் எங்கள் ஆட்கள் பட்டிப்பளை ஆறு என்பார்கள். அம்பாறை 1961வரை மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. எங்கள் வீட்டுப் பழைய உறுதிகளில் சம்மாந்துறைக் காணிக்கும் மட்டக்களப்பு மாவட்டம் என்றுதான் எழுதியிருக்கிறது.

அம்பாறை நகரத்தில் பெற்றோல் அடியுங்கள், தேநீர் குடியுங்கள், கொண்டவட்டுவான் குளக்கட்டோரம் ஐந்து நிமிடம் நில்லுங்கள், கிளம்புங்கள். இங்கினியாகலை வீதி நிழலான வீதி. சேனநாயக்க சமுத்திரம் இலங்கையின் மிகப்பெரிய நீர்த்தேக்கம். நிரம்பினால் ஏறத்தாழ 95 கோடி கனமீற்றர் தண்ணீர் பிடிக்கும். காலையிலிருந்து நீங்கள் பார்த்த வட்டைகளில் கணிசமானவற்றுக்கு வாய்க்கால் வழியாக வருவது இந்தத் தண்ணீர்தான். வாய்க்காலைப் பின்தொடர்ந்து வந்து தாய்க்குளத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைகள் நீருக்குள் தீவாக நிற்கும். யானைகள் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நீந்துவதைப் படகில் போய்ப் பார்க்கிறார்கள். கல்லோயாத் தேசியப் பூங்கா 1954இலிருந்து இருக்கிறது. அதன் சிறப்பே இந்தப் படகுச் சவாரிதான். ஆனால் அன்றைக்கு ஏறாதீர்கள். அது தனியாக ஒரு காலைப் பொழுதைக் கேட்கும். அணைக்கட்டில் அனுமதி இல்லாத இடத்துக்கு ஏறவும் வேண்டாம். காவலில் நிற்கிறவரிடம் கேட்டால் எதுவரை போகலாம் என்று மரியாதையாகச் சொல்வார்.

இரண்டு மணிக்கு அம்பாறையை விட்டுக் கிழக்கே இறங்க வேண்டும். இதை மட்டும் பிசகவிடாதீர்கள். இங்கினியாகலையில் மதியம் ஒன்றரை ஆகியும் நின்றால், பார்த்தது போதும் என்று கிளம்புங்கள். சம்மாந்துறை வரைக்கும் மறுபடியும் வயல்தான், வீதி அகலமும் நேருமாக இருக்கும், கை முறுக்கத் தோன்றும். வீதியில் மாடு படுத்திருக்கும். சாப்பாட்டைச் சம்மாந்துறையிலோ கல்முனையிலோ வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சோறு போட்டுவிட்டு ஓட்டினால் தூக்கம் வரும் என்பதால் நான் பாதி வயிற்றோடு எழும்பிவிடுவேன். ஞாயிறு என்பதால் தப்பினீர்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ நேரத்தில் இந்த ஊர்களில் கடையும் பூட்டியிருக்கும், வீதியும் நெரியும். நோன்பு மாதத்தில் பகல் சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு வருவதுதான் ஒழுங்கு.

காரைதீவுச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் வீடு. 1892இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர் இது. அவரது சமாதி இருப்பது உங்கள் பயணம் தொடங்கிய கல்லடியில். மருதமுனையில் கைத்தறி வாங்கலாம், சாரமோ சேலையோ, பையில் மடித்து வைக்க இலகு. பிறகு கல்லாறு. நான் ஏ4ஐ இவ்வளவு திட்டினேன், இந்த ஒரு துண்டுக்கு மட்டும் விலக்கு. பெரிய கல்லாற்றையும் கோட்டைக்கல்லாற்றையும் கடக்கும்போது ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவே வீதி. நாலரை ஐந்து மணிக்கு வாவிப் பக்கம் தண்ணீர் செம்புக்குடத்தைத் தேய்த்து வைத்ததுபோல் இருக்கும். பாலத்தில் நிறுத்தாமல், பாலம் முடிந்த பிறகு இடம் பார்த்து நிறுத்துங்கள். சுனாமி இந்தக் கரையில் வீடுகளை வாரிக்கொண்டு போன உயரத்தைத் தேநீர்க் கடையில் யாராவது கையால் காட்டுவார்கள்.

வண்டி விடயம் சுருக்கமாக. முதல்நாள் மாலை சங்கிலியின் தொய்வைப் பாருங்கள், விரலால் தூக்கினால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆட வேண்டும். காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். இந்த ரக வண்டிகளில் பலவற்றுக்கு முன்சில்லுக்கு 25, தனி ஆளென்றால் பின்சில்லுக்கு 28, இருவர் ஏறினால் 32 பி.எஸ்.ஐ.; உங்கள் வண்டியின் சங்கிலி மூடியிலோ கைநூலிலோ சரியான அளவு இருக்கும். இருவர் ஏறிய வண்டி முன்னால் போகட்டும், தனியாள் பின்னால் வரட்டும். எப்போதும் மெதுவான வண்டியின் வேகம்தான் கூட்டத்தின் வேகம். பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றையும் பொலித்தீன் உறையில் வையுங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு போத்தல். வயல் வீதிகளில் கடை இருக்கும், ஆனால் நீங்கள் தாகப்படும் இடத்தில் இருக்காது. முழுக்கைச் சட்டை போடாமல் வந்தால் அன்றிரவு கை சட்டியில் வாட்டிய கருவாடு மாதிரி இருக்கும்.

கடைசியாக, தயிர். வழி நெடுகிலும் முட்டியில் எருமைத் தயிர் தொங்கும், காலையிலேயே வாங்கச் சொல்லி மனம் இழுக்கும். என் மைத்துனர் ஒருமுறை கொக்கட்டிச்சோலையில் வாங்கிப் பெற்றோல் தாங்கியின் மேல் கட்டிக்கொண்டு முழுச் சுற்றும் சுற்றினார். கல்லடியில் அவிழ்த்தபோது அரை முட்டி மோரும், மீதி அவருடைய காற்சட்டையிலும் இருந்தது. களுவாஞ்சிக்குடி தாண்டிய பிறகு வாங்குங்கள், பின்னால் இருப்பவரின் மடியில் கொடுங்கள்.